கடன் முடிஞ்சதும் மாறிக்கலாம்

வீட்டுக்கடன் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி, ஓய்வு பெற்று அக்கடா என்று வீட்டில் கிடந்தவளை ஆட்டோ வைத்து வரவழைத்திருக்கிறார்கள். "தவணை கட்டாதவங்களை எப்படிச் சமாளிக்கிறதுன்னு சொல்லுங்க மேடம்" என்று உங்களில் ஒரு தம்பி வாசலிலேயே கேட்டார். அதற்கு வசூல் பிரிவு இருக்கிறது, அவர்களுக்கு அது கைவந்த கலை. நான் சொல்லப்போவது கடனை முன்கூட்டியே அடைக்க ஓடி வருகிறவர்களைப் பற்றி. அவர்களைப் பார்த்ததும் நீங்கள் எழுந்து நின்று கைகொடுக்கிறீர்கள், காபி வரவழைக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்களப்பா.

இத்தனை வருஷ வேலையில் என்னைப் போட்டு வாட்டி எடுத்தவர் ஒரு தவணைகூடத் தவறாத மனிதர். குமரேசன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பிறந்தது வளர்ந்தது அல்சூரில். அவருக்கு இருந்த சம்பளத்துக்கு அல்சூரில் சொந்த வீடு என்பது கனவிலும் நடக்காது. அதனால் ஹெப்பகோடியில் ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கினார். கடன் கொடுத்தது நம் கிளை, கோப்பு என் மேசை.

இந்தப் பெங்களூரில் வீடு ஒரு கோடியிலும் வேலை மறு கோடியிலும் இருந்தால் மனிதன் என்ன ஆவான் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்று காலை சில்க் போர்டு நெரிசலில் நின்று நொந்துபோய்த்தான் பாதிப் பேர் வந்திருப்பீர்கள். குமரேசன் விடியும் முன்பே கிளம்பிவிடுவார். பஸ் மாறி மாறி வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கிடைத்தால் அதையும் விடமாட்டார்.

போனஸ் வந்தால், ஓவர்டைம் பணம் சேர்ந்தால், நேரே நம் கிளைக்கு வருவார். அசலில் கட்டுவதற்கு. அவர் வருவதைப் பார்த்தால் ஏதோ கோயிலுக்கு வருகிற மாதிரி இருக்கும். தேய்த்த சட்டை, நெற்றியில் விபூதி, கூடவே மனைவி, மகள். முன்கூட்டிக் கட்டும்போது இணைக் கடனாளி வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனாலும் மனைவியை அழைத்து வராமல் அவர் கட்டியதே இல்லை. மனைவி பெயர் வாணி. என் கடைசித் தங்கை வயது, அதனால் 'அவள்' என்றே சொல்கிறேன். அவளும் அல்சூர்ப் பெண்தான். அங்கே இருந்தவரை பிளவுஸ் தைத்துக் கொடுத்துக் கையில் நாலு காசு பார்த்துக்கொண்டிருந்தவள். ஹெப்பகோடி போன பிறகு அந்த வாடிக்கையெல்லாம் விட்டுப்போயிற்று. இரண்டாவது நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பாள்.

மகள் திவ்யா அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் என் மேசை மேல் சாய்ந்துகொண்டு, "ஆன்ட்டி, எங்க கடன் எப்போ முடியும்?" என்று கேட்டாள்.

"ஏண்டி கண்ணு, உனக்கு என்ன அவசரம்?"

"முடிஞ்சதும் நாய்க்குட்டி வாங்கித் தரேன்னு அப்பா சொல்லியிருக்கார். அப்புறம் மைசூரு ஜூ. அம்மாவுக்கு மோட்டார் வெச்ச மெஷின்."

நான் சிரித்தேன். குமரேசனும் பெருமையாகச் சிரித்தார். அந்த வீட்டில் எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்: கடன் முடிஞ்சதும். குழந்தை அதைத் தீபாவளி, பொங்கல் மாதிரி ஒரு நாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அசலில் பணம் கட்டினால் நாம் ஒரு கேள்வி கேட்போம், இல்லையா? மாதத் தவணையைக் குறைக்கட்டுமா, இல்லை தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைக்கட்டுமா என்று. நான் வாயைத் திறக்கும் முன்பே, "காலத்தைக் குறைங்க மேடம்" என்பார் குமரேசன். கணக்கில் அதுதான் லாபம். வட்டி மிச்சம். நீங்களும் அதைத்தான் பரிந்துரைப்பீர்கள், தப்பில்லை.

ஒரு வருஷம் போனஸ் சமயத்தில் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் பதில் சொன்னார். அப்போது வாணி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"தவணையைக் குறைச்சா என்ன ஆகும் மேடம்?"

குமரேசன் திரும்பிப் பார்த்தார். அவள் என்னையே பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள். மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது, ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"எங்க அக்கா தெருவுல வீடுங்க லீஸுக்கு வருது மேடம். எனக்கு ஒரு சீட்டு இன்னும் கொஞ்ச நாள்ல முடியுது. அதைக் குடுத்து லீஸுக்கு எடுத்துக்கினு, ஹெப்பகோடி வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். வர்ற வாடகையைத் தவணையில போடலாம். அல்சூர்ல மெட்ரோ ஏறினா மெஜஸ்டிக்ல ஒரே ஒரு மாத்தம், இவரு பீன்யா போயிடுவாரு. வெளிச்சம் இருக்கறப்பவே வீட்டுக்கு வந்துடலாம். எனக்கும் பழைய கஸ்டமருங்க இருக்காங்க."

உங்களில் வெளியூர்க்காரர்கள் இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள். பெங்களூரில் வாடகை வேறு, லீஸ் வேறு. லீஸ் என்றால் மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது கொடுத்த பணம் முழுசாகத் திரும்பி வரும். வீட்டுக்காரர் யோக்கியராக இருந்தால்.

அந்த இடத்தில்தான் குமரேசனுக்கு முகம் மாறியது. "லீஸ் பேச்சே எடுக்காத வாணி" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நான் சின்னப் பையனா இருக்கறப்ப நாங்க அல்சூர்ல லீஸ் வீட்லதான் இருந்தோம் மேடம். ஓனர் எங்ககிட்டப் பணத்தை வாங்கிக்கினு, அந்த வீட்டு மேலயே கடனும் வாங்கியிருக்கான். கட்டல. ஒருநாள் ஸ்கூல்ல இருந்து வர்றேன், எங்க குண்டான், அண்டா எல்லாம் ரோட்ல கிடக்குது. கதவுல பெரிய பூட்டு. அம்மா எதிர்வீட்டுச் சுவரோரமா உட்கார்ந்துக்கினு இருக்காங்க. லீஸ் பணம் போனது போனதுதான். அப்பா அப்புறம் ரொம்ப நாள் இருக்கல."

பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களைத் தப்பா சொல்லல மேடம். ஆனா கடன்னு ஒண்ணு இருக்கற வரைக்கும் என் வீட்டுக்குப் பூட்டுப் போட உங்களுக்கு அதிகாரம் இருக்குதுல்ல?" என்றார்.

இருக்கிறதுதான்.

ஆனாலும் நான் விடவில்லை. கால்குலேட்டரை எடுத்து அவர் கண் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். வாணி சொன்னபடி செய்தால் கடன் முடியச் சில வருஷம் கூடும், வட்டியும் கூடும், ஆனால் மாதாமாதம் கையைக் கடிக்காது என்றேன். அந்த வீட்டின் மேல் வேறு கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம், நானே பார்த்துத் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டு, "கடன் முடிஞ்சதும் மாறிக்கலாம் மேடம். எங்க ஓடிப் போகுது அல்சூரு?" என்றார். வாணி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அந்த மனிதரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரு டீயைக்கூட யோசித்துத்தான் குடிப்பார். பெண்டாட்டி பிள்ளை தெருவில் நிற்கக் கூடாது என்ற ஒரே பயத்தில் உயிரைக் கொடுத்து உழைத்தவர். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வரும். அதே சமயம் திட்டவும் மனசு வராது.

சில வருஷம் கழித்து, மார்ச் மாதக் கடைசி. அந்தச் சமயத்தில் நம் கிளை எப்படி இருக்கும் என்று இன்னும் நீங்கள் பார்க்கவில்லை, பார்ப்பீர்கள். டோக்கன் மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. என் மேசைக்கு முன்னால் நிற்க இடமில்லாத கூட்டம். குமரேசனும் வாணியும் வந்து உட்கார்ந்தார்கள். அவர் நெற்றியில் விபூதி. அவள் கையில் காசோலை. அது அவளுடைய கணக்கு. சீட்டு முடிந்ததிலிருந்து அதில் போட்டு வைத்திருந்த பணம் மொத்தத்தையும் எடுத்திருந்தார்கள்.

காசோலையை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, "இது லீஸுக்கு வெச்சிருந்த பணம்தானே?" என்று கேட்டேன்.

"இவ வீடு பார்த்துக்கூட வெச்சா மேடம்" என்றார் குமரேசன். "அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. நான்தான் சொன்னேன், அந்த ஓனர்கிட்ட இந்தப் பணம் சும்மா கிடக்கும். இங்க கட்டினா கடன்ல பெரிய துண்டு போயிடும். அப்புறம் நிம்மதி."

அப்போதைய மேலாளர் எனக்குப் பின்னால் வந்து நின்று, "பேக முகிஸி மேடம்" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்தில் அப்படி ஒரு தொகை வந்தால் எந்த மேலாளருக்குத்தான் கசக்கும்? நான் அவரைக் காதில் வாங்காமல் வாணியைப் பார்த்துக் கேட்டேன்.

"நீங்க சொல்லுங்கம்மா. இது உங்க பணம். போடட்டுமா, வேணாமா?"

வரிசையில் நின்றவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாணி கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். அதட்டலே இல்லை. பயந்துபோன ஒரு பையனுடைய சிரிப்பு அது.

"போடுங்க மேடம்" என்றாள்.

போட்டேன். நான் செய்ய வேண்டிய வேலை அதுதான். காலத்தைக் குறைக்கச் சொல்லி அவரும் கையெழுத்துப் போட்டார், அவளும் போட்டாள்.

பள்ளி விடுமுறை முடிகிற சமயம், வாணி தனியாக வந்தாள். அவளைத் தனியாக நான் பார்த்ததே அன்றைக்குத்தான். உட்காரச் சொன்னால், பழக்கத்தில் இரண்டாவது நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தாள்.

"கட்டின பணத்துல கொஞ்சம் திருப்பி வாங்க முடியுமா மேடம்?"

முடியாது என்றேன். புதிதாக ஒரு கடனுக்கு மனுப் போடலாம், ஆனால் அதற்கும் அவர் கையெழுத்து வேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டினாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உங்களைத்தானே கேட்டேன்? ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"அத்தனை பேர் முன்னாடி கேட்டதாலதான் மேடம் சொல்லல" என்றாள். "நான் வேணாம்னு சொல்லியிருந்தா அவருக்கு எவ்ளோ தலைக்குனிவா போயிருக்கும்?"

"வீட்லயாவது சொல்லியிருக்கலாமே?"

"வீட்ல அவரு இருந்தாத்தானே மேடம் சொல்றதுக்கு?"

மீதியை அவளே சொன்னாள். திவ்யா பத்தாவது முடித்துவிட்டாளாம். அல்சூர்ப் பக்கம் ஒரு பி.யூ. காலேஜில் பதினோராம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். "ஹெப்பகோடியில இருந்து பொண்ணு தனியா தினம் வந்துபோக முடியாது. படிப்பு முடியற வரைக்கும் எங்க அக்கா வீட்டு ஹால்லயே நானும் அவளும் தங்கிக்கறோம். அவரும் சரின்னுட்டாரு. கடன் முடிஞ்சதும் எல்லாம் சரியாயிடும்னாரு." சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவள் மாதிரியே இல்லை. போகும்போது என் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்து, "கீழ விழுந்து கிடந்தது" என்றாள். அவள் போன பிறகு நான் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பெரிய தொகையோடு குடும்பமாக யார் வந்தாலும், ஏதாவது சாக்குச் சொல்லி இரண்டாவது நாற்காலிக்காரரைத் தனியாக அழைத்துப் பேசுவேன். ஜெராக்ஸ் எடுக்க, கையெழுத்து சரிபார்க்க, ஏதோ ஒன்று. இந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு வேலை இருக்கிறதா, வீடு மாறும் யோசனை இருக்கிறதா, பிள்ளைகளுக்கு எதையாவது தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்பேன். பாதிப் பேர் ஒன்றுமில்லை என்பார்கள். மீதிப் பேர் அழுவார்கள். சில நாள் ஆண்கள்கூட அழுதிருக்கிறார்கள். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. மேலாளர் முறைப்பார், முறைக்கட்டும்.

அதற்குப் பிறகு குமரேசன் தனியாகத்தான் வந்தார். தேய்த்த சட்டை போய்விட்டது, விபூதி மட்டும் இருந்தது. இரண்டாவது நாற்காலியில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்வார். எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால், "நல்லா இருக்காங்க மேடம், ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தேன்" என்பார். கொஞ்ச நாளில் அது மாதத்துக்கு ஒருமுறை ஆயிற்று. பி.யூ. முடிந்து மகள் டிகிரியும் அங்கேயே சேர்ந்தாள். வாணி, அக்கா வீட்டு வாசலை ஒட்டினாற்போல் சின்னதாக ஒரு தையல் கடை போட்டாள். தலைக்கு மேல் வேலை என்று அவர்தான் சொன்னார், பெருமையாகத்தான் சொன்னார். "அப்ப நீங்களும் அங்கேயே போயிடுங்களேன்" என்றேன் ஒருதரம். "இன்னும் கொஞ்சம்தான் மேடம், முடிச்சுட்டு" என்றார். ஒவ்வொரு தடவையும் காலத்தைத்தான் குறைத்தார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் கடன் முடிந்தது. பல வருஷம் பாக்கி இருக்கும்போதே முடித்துவிட்டார். அசல் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரே நேரத்துக்கு வந்தார்கள். அவர் ஹெப்பகோடியிலிருந்து, அவள் அல்சூரிலிருந்து. வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். "சாப்ட்டியா?" என்றார் அவர். "ஆச்சு. நீங்க?" என்றாள் அவள். பஸ் ஸ்டாப்பில் பழக்கப்பட்டவர்கள் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது.

அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். கையில் மைசூர்பாகு பெட்டி. பத்திரத்தை வீட்டுப் பெண்களின் கையில் கொடுப்பது என் வழக்கம், அதனால் வாணியிடம் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உடனே அவரிடம் நீட்டினாள். "பத்திரமா வெச்சுக்குங்க" என்றாள்.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். உட்காரவே முடியவில்லை. "மேடம், இப்ப ஹெப்பகோடிக்கே மெட்ரோ வந்துடுச்சு. ஒரு இடத்துல மாறினா நேரா பீன்யா. இருட்டறதுக்குள்ள வீடு" என்றார். பிறகு அவளிடம் திரும்பினார். "திவ்யாகிட்ட சொல்லு, நாய்க்குட்டி பார்த்து வெச்சிருக்கேன். பக்கத்து பிளாக்ல குட்டி போட்டிருக்குது."

வாணி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அவ சென்னையில வேலைக்குச் சேர்ந்துட்டாளேங்க. ஹாஸ்டல்ல எங்க நாய் வளர்ப்பா?"

"லீவுக்கு வருவால்ல?" என்றார். அவள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். நான் கணினியில் ஏதோ பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"சரி, அதை விடு. நீ வந்துடு வாணி. இனிமே ஒரு பைசா கடன் இல்ல. எவனும் வந்து நம்ம கதவுல பூட்டுப் போட முடியாது."

"கடையை விட்டுட்டு எப்படிங்க வர்றது? எனக்கு அங்க யாரைத் தெரியும்?" என்றாள் அவள். கோபமில்லாமல், கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள். "நீங்க அல்சூருக்கு வாங்களேன். அக்கா வீட்டு மாடியில ரூம் சும்மாதான் இருக்குது. ஹெப்பகோடி வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்."

"வாடகைக்கா? கண்டவன் வந்து ஆணி அடிக்கறதுக்கா?"

"அப்ப சும்மா இருக்கட்டும். நீங்க வாங்க."

"நல்லா சொன்ன போ. இவ்ளோ கஷ்டப்பட்டு நம்ம வீடாக்கினதைப் பூட்டிப் போட்டுட்டு வர முடியுமா?"

வாணி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் சட்டைக் காலரில் கடை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து எடுத்துக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"இப்ப மட்டும் பூட்டிட்டுத்தானே வந்தீங்க?" என்றாள்.

குமரேசனின் கை சட்டைப் பைக்குள் போய்ச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், அல்சூர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள். அவர் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நான் இருப்பது நினைவுக்கு வந்தவர்போலத் திரும்பி, மைசூர்பாகு பெட்டியின் நூலைப் பிரித்து என் முன்னால் நீட்டினார். "நீங்களாவது எடுத்துக்குங்க மேடம்" என்றார்.